அம்ப்ரெல்லா வாங்கும் முன் கார் பாலிசியில் யூ.எம். வரியைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கியதும் நம்மவர்கள் அடுத்து விசாரிப்பது அம்ப்ரெல்லா பாலிசி, அதாவது நம்மால் பிறருக்கு நேரும் இழப்புக்கு, கார், வீட்டு பாலிசிகளின் வரம்புக்கு மேல் தரும் கூடுதல் இன்ஷூரன்ஸ். ஒரு மில்லியன் டாலர் கவரேஜ், வருடத்துக்குச் சில நூறு டாலர் பிரீமியம். வாங்க வேண்டியதுதான், நானும் வாங்கினேன். ஆனால் அந்த ஒரு மில்லியன் யாருக்குப் போகும்? உங்கள் வண்டி இடித்து அடிபட்டவருக்கு. உங்களை ஒருவர் இடித்து, அவரிடம் இன்ஷூரன்ஸே இல்லையென்றால், சாதாரண அம்ப்ரெல்லாவிலிருந்து உங்களுக்கு ஒரு சென்ட் வராது. அதற்கென்று இருப்பது கார் பாலிசிக்குள்ளேயே உள்ள அன்இன்ஷூர்ட் மோட்டாரிஸ்ட் கவரேஜ், சுருக்கமாக யூ.எம். எதிராளியிடம் இன்ஷூரன்ஸ் இருந்தும் போதவில்லை என்றால் அண்டர்இன்ஷூர்ட், அதாவது யூ.ஐ.எம். கலிஃபோர்னியாவில் இரண்டும் ஒரே வரியில்தான் வரும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வருவதற்கு முன் எங்கள் பாலிசியை உட்கார்ந்து படித்துச் சரிசெய்தேன். அதே வரிசையில் சொல்கிறேன்.

படி 1: டெக் பேஜை எடுங்கள்

கம்பெனி இணையதளத்தில் டிக்ளரேஷன்ஸ் பேஜ் என்று ஒரு பி.டி.எஃப். இருக்கும். காரில் வைத்திருக்கும் ஐ.டி. கார்டு இதற்கு உதவாது. மொபைல் ஆப்பிலும் பார்க்கலாம், ஆனால் சில ஆப்கள் யூ.எம். வரியைச் சுருக்கி “இன்க்ளூடட்” என்று மட்டும் காட்டும். பி.டி.எஃப்.தான் நம்பகம்.

படி 2: இரண்டு வரிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

பாடிலி இஞ்சுரி லயபிலிட்டி (நம் தப்பால் அடுத்தவருக்கு ஏற்படும் உடல் காயத்துக்கு) ஒன்று, யூ.எம். பாடிலி இஞ்சுரி (நம் காயத்துக்கு) இன்னொன்று. 250/500 என்றால் ஒருவருக்கு 2,50,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 5,00,000. முதல் வரியில் 250/500 போட்டுவிட்டு இரண்டாவதில் 30/60 என்று இருக்கும் பாலிசிகளை நண்பர்கள் வட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். அடுத்தவருக்கு இரண்டரை லட்சம், நமக்கும் நம் காரில் வருபவருக்கும் முப்பதாயிரம்!

சாலையில் எதிரே வருபவரிடம் என்ன இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மாநிலத்தின் குறைந்தபட்ச லயபிலிட்டி 1967-இலிருந்து 15/30/5 என்றே கிடந்தது (ஆயிரம் டாலர் கணக்கில்; மூன்றாவது எண் அடுத்தவரின் பொருள் சேதத்துக்கு). 2025 ஜனவரி 1 முதல் தான் அது 30/60/15 ஆனது. 2035-இல் 50/100/25 ஆகும். ஐ.சி.யூ.வில் சில நாள் இருந்தாலே முப்பதாயிரம் கரைந்துவிடும் ஊர் இது.

படி 3: கணக்குப் போடுங்கள்

எனக்கு நேரம் பிடித்த இடம் இதுதான். “அவருடைய 30,000, மேலே என்னுடைய 30,000, ஆக 60,000” என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கலிஃபோர்னியாவில் அப்படி இல்லை. எதிராளி தரப்பு கொடுத்ததை உங்கள் யூ.ஐ.எம். வரம்பிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் உங்கள் கம்பெனி தரும்.

உதாரணமாக, உங்களுக்கு ஏற்பட்ட இழப்பு 1,80,000 டாலர், இடித்தவரிடம் 30/60 இருக்கிறது, அவர் கம்பெனி 30,000 கொடுத்துவிட்டது. உங்கள் யூ.ஐ.எம்.மும் 30/60 என்றால் முப்பதில் முப்பது போக பூஜ்யம். சட்டத்தின் பார்வையில் அவர் அண்டர்இன்ஷூர்டே இல்லை, ஏனென்றால் அவர் வரம்பு உங்கள் வரம்பைவிடக் குறைவாக இல்லை. உங்களிடம் 100/300 இருந்தால் 70,000 வரை கிடைக்கும். 250/500 இருந்தால் பாக்கி 1,50,000 முழுவதும் வர வழியுண்டு. வேறு சில மாநிலங்களில் இரண்டையும் கூட்டுவார்கள், அதனால் டெக்சாஸ் நண்பர் சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பார்க்காதீர்கள்.

படி 4: இரண்டையும் சேர்த்து ஏற்றுங்கள்

லயபிலிட்டியைவிட யூ.எம்.மை அதிகமாக வைக்க விடமாட்டார்கள். ஆகவே முதலில் லயபிலிட்டி 250/500, அப்புறம் யூ.எம். 250/500. பிரீமியம் ஏறுகிறதே என்றால் கொலிஷன் (மோதலில் நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான கவரேஜ்) டிடக்டிபிளை, அதாவது முதலில் நம் கையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகையை, 500-இலிருந்து 1,000 ஆக்குங்கள். பம்பருக்கு ஆயிரம் டாலர் கையிலிருந்து கொடுத்துவிடலாம், முதுகெலும்புக்குக் கொடுக்க முடியாது.

கம்பெனி இணையதளத்தின் சாட்டில் கேட்காதீர்கள். நான் கேட்டபோது “அம்ப்ரெல்லா எல்லாவற்றையும் கவர் செய்யும்” என்று பதில் வந்தது. பல கம்பெனி பாலிசி விற்கும் புரோக்கர் ஒருவரிடம் பேசி, அவர் சொன்னதை மின்னஞ்சலில் எழுதி வாங்குவதே என் வழக்கம். இ-சைன் செய்ய அனுப்பும் ஆவணங்களில் யூ.எம். வேண்டாம் என்றோ குறைத்துக்கொள்கிறேன் என்றோ ஒரு படிவம் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் அதை நீக்க முடியும், அந்த எழுத்து உங்கள் கையெழுத்துதான்.

அப்பா அம்மா விஷயத்துக்கு வருகிறேன். வேலையில் கிடைக்கும் ஹெல்த் இன்ஷூரன்ஸில் வருகை விசாவில் வந்த பெற்றோரைச் சேர்க்க முடியாது. விசிட்டர் இன்ஷூரன்ஸில், அதுவும் மலிவான ஃபிக்ஸட் பெனிஃபிட் திட்டங்களில், ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஓர் உச்சவரம்பு. ஆனால் உங்கள் காரில் உட்கார்ந்து வருபவர் என்ற முறையில் யூ.எம். அவர்களுக்கும் உண்டு. கூடவே மெட்பே (காரில் இருப்பவர்களின் மருத்துவச் செலவுக்கான கவரேஜ்) 5,000 அல்லது 10,000 சேர்த்துக்கொள்ளுங்கள். தப்பு யார் மீது என்றாலும் அது தரும்.

படி 5: இப்போது அம்ப்ரெல்லா

பெரும்பாலும் அம்ப்ரெல்லா தரும் கம்பெனியே காருக்கு 250/500, வீட்டுக்கு 3,00,000 லயபிலிட்டி கேட்பார்கள். அது இல்லாமல் 100/300-உடன் விட்டால் இடையிலுள்ள 1,50,000 உங்கள் பாக்கெட். புதிதாக ஓட்டும் பிள்ளை, வாடகைக்கு விட்ட வீடு இரண்டையும் விண்ணப்பத்தில் சொல்லிவிடுங்கள். “இதில் யூ.எம். எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் கூடுதலாகச் சேர்க்கும் இணைப்பு) உண்டா?” என்று கேளுங்கள். சில கம்பெனிகள் தருவார்கள், பல தருவதில்லை.

பின்சேர்க்கை: நீங்கள் கேட்டவை

கார் சேதம்? கொலிஷன் இல்லாதவர்களுக்கு யூ.எம். பிராப்பர்ட்டி டேமேஜ் 3,500 டாலர் வரைதான். கொலிஷன் இருந்தால் அதற்குப் பதில் டிடக்டிபிள் வெய்வர் (இன்ஷூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வது) எடுங்கள்.

எதிராளி கம்பெனி 25,000 தருகிறேன், கையெழுத்துப் போடு என்கிறதாம் ஒருவரிடம். இடித்தவரின் வரம்பு 30,000 என்றால் நிறுத்துங்கள். அந்த வரம்பு முழுவதும் தீர்ந்தால்தான் இங்கே யூ.ஐ.எம். கதவு திறக்கும். உங்கள் கம்பெனியிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் பேசாமல் ரிலீஸ் படிவத்தை (இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிக்கொடுப்பது) தொடாதீர்கள்.

இடித்துவிட்டு ஓடிவிட்டால்? 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார், 30 நாளுக்குள் உங்கள் கம்பெனிக்குப் பிரமாண வாக்குமூலம். அந்த வண்டி உங்கள் மீதோ உங்கள் காரின் மீதோ உண்மையில் பட்டிருக்க வேண்டும். அது குறுக்கே வந்ததால் நீங்களே திருப்பித் தடுப்பில் மோதினால் யூ.எம்.மில் வராது.

பெற்றோர் ஊபரில் போனால்? முன்பு அந்தப் பயணங்களுக்கு ஒரு மில்லியன் யூ.எம். கட்டாயமாக இருந்தது. 2026 ஜனவரி முதல் அது ஒருவருக்கு 60,000, ஒரு விபத்துக்கு 3,00,000 என்று குறைந்துவிட்டது. முடிந்தவரை நானே கூட்டிப்போகிறேன்.