கொழும்பு பால்கனியில் தூசு அளக்க: ஈரப்பதனை விட்டுவிடாதீர்கள்

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கொழும்பு வானம் அடிக்கடி மங்கிப்போகும். 2022 டிசம்பரில் காற்று மாசால் பாடசாலைகளையே மூடினார்கள். வீட்டிலேயே நுண்தூசு அளக்க மூன்று சாமான் வேண்டும்: பிஎம்எஸ்5003 லேசர் சென்சர், இஎஸ்பி32 போர்டு (சென்சர்களை வாசிக்கும் சின்னக் கணினிப் பலகை), பிஎம்இ280 ஈரப்பதன் சென்சர். காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கைவைப்பது மூன்றாவதில்தான். கொழும்புக் காற்றுக்கு அது சரிவராது. துணிக்கைகளில் பட்டுச் சிதறும் ஒளியைத்தான் லேசர் சென்சர் பார்க்கிறது. ஈரத்தில் துணிக்கை நீரை இழுத்து ஊதிவிடும். அதனால் சென்சர் தூசின் அளவை உள்ளதைவிட ஏற்றிக் காட்டும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும் ஒன்லைனில் எடுப்பித்தாலும் சிப்பை உற்றுப் பாருங்கள். பிஎம்இ280இன் உலோக மூடி சதுரம். நீள்சதுரமாக இருந்தால் அது பிஎம்பி280, ஈரப்பதன் அளக்காது.

பிஎம்எஸ்5003இன் 1ஆம் பின்னை போர்டின் 5 வோல்ட்டுக்கும், 2ஆம் பின்னை கிரவுண்டுக்கும், 5ஆம் பின்னை ஜிபிஐஓ 16க்கும் (போர்டில் 16 என்ற எண்ணுள்ள பின்) கொடுங்கள். 3.3 வோல்ட் கொடுத்தால் உள்ளே விசிறி ஒழுங்காகச் சுழலாது. பிஎம்இ280க்குத்தான் 3.3 வோல்ட், அதன் எஸ்டிஏ பின் போர்டின் 21இல், எஸ்சிஎல் பின் 22இல்.

பிஎம்எஸ்5003இன் தரவு 9600 போட் வேகத்தில் 32 பைட் கொண்ட தொகுதிகளாக வரும். முதலிரண்டும் 66, 77. ஏழாவதை 256ஆல் பெருக்கி எட்டாவதைக் கூட்டினால் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீற்றருக்கு மேற்படாத நுண்தூசின் அளவு. முதல் 30 பைட்டின் கூட்டுத்தொகை கடைசி இரண்டு பைட்டோடு ஒத்துவராவிட்டால் அந்தத் தொகுதியை எறிந்துவிடுங்கள். இந்தச் சோதனையைச் சேர்க்காத நிரலில்தான் நடுவில் திடீரென்று ஆயிரக்கணக்கில் எண் வந்து வீட்டாரைக் கலவரப்படுத்தும்.

இனித் திருத்தம். இதே சென்சர் உள்ள மானிகளுக்கு அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் தந்த கணக்கு இது: அளவை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பதன் வீதத்தின் 0.0862 மடங்கைக் கழித்து, 5.75 கூட்ட வேண்டும். சென்சர் 60 காட்டுகிறது, ஈரப்பதன் 80 வீதம் என்றால் 31.4 − 6.9 + 5.75, அதாவது கன மீற்றருக்கு 30 மைக்ரோகிராம் அளவில். பாதியாகிவிட்டது! அமெரிக்கக் காற்றை வைத்து வகுத்ததால் நமக்கு இது அண்ணளவுதான். ஆனாலும் திருத்தாத எண்ணை நம்புவதைவிட மேல். 24 மணிநேரச் சராசரிக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வைத்த வழிகாட்டல் அளவு 15 மைக்ரோகிராம்.

வெயிலும் மழைச்சாரலும் நேரே படாத, குசினி ஜன்னலுக்குத் தள்ளிய இடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் மீன் பொரிக்கும் புகையைத்தான் அளப்பீர்கள். காற்று உள்ளே போகும் துளையும் வெளியேறும் துளையும் ஒரே பக்கம் இருப்பதால், பெட்டிக்குள் இரண்டுக்கும் நடுவே சிறு தடுப்பு ஒட்டுங்கள். விட்ட காற்றையே திரும்ப இழுக்காது.

லேசருக்கு ஆயுள் உண்டு. நாள் முழுக்க ஓடவிடத் தேவையில்லை. பிஎம்எஸ்5003இன் 3ஆம் பின்னை கிரவுண்டுக்கு இழுத்தால் சென்சர் உறங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி, முதல் 30 விநாடி வரும் எண்களை விட்டுவிட்டு, அதன்பிறகு வருவதைப் பதியுங்கள்.