சூப்பர் ஹீரோ படம் ஏமாற்றினால்: கோளாறு படத்திலா, தியேட்டரிலா?

சூப்பர் ஹீரோ படத்தை நல்ல தியேட்டரில் பார்க்க ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குப் போனால் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கூடவே பள்ளி விடுமுறை. ஹாலிவுட்டின் பெரிய படங்களும் பெரும்பாலும் அந்தக் கோடையில்தான் வருகின்றன. படகு கரையில் நிற்கிற நாளில் தங்கச்சிமடத்திலிருந்தோ மண்டபத்திலிருந்தோ குடும்பத்தோடு கிளம்பினால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும், காசும் கரையும். அதனால் படம் தேறுமா என்று பார்க்கிற வேலையில் பாதியைக் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும்.

முதலில் படம் எடுக்கப்பட்ட கதையை விசாரியுங்கள். சில காட்சிகளை மறுபடி எடுத்தார்கள் என்ற செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். இவ்வகைப் படங்களில் அதற்கென்றே முன்கூட்டி நாள் ஒதுக்குவார்கள். பாதியில் இயக்குநர் மாறினார் என்றால் யோசியுங்கள். 2017இல் வந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ அப்படிப்பட்டது. ஜாக் ஸ்னைடர் விலகியபின் வேறொருவர் நிறையக் காட்சிகளை மறுபடி எடுத்தார். சூப்பர்மேனாக நடித்தவர் அப்போது வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்தார், மழிக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் மீசையை அழித்ததில் மேலுதடு கோணலாகத் தெரிந்தது. இப்படிப்பட்ட படத்துக்கு முதல் நாளே ஓட வேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள்.

அடுத்து 2டியா, 3டியா. எங்கள் கணிப்பில் ஏமாற்றத்தின் பெரும்பங்கு இங்கேதான் கிடக்கிறது. 2டி படத்துக்குத் திரையில் 48 நிட்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவின் அளவுகோல். 3டியில் கண்ணாடியைத் தாண்டிக் கண்ணுக்கு வந்து சேர்வது பல அரங்குகளில் 15 நிட்ஸ் அளவே. ராத்திரிச் சண்டை வந்தால் யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியாது. பழியோ இயக்குநர் தலையில் விழும். 3டிக்கென்றே எடுத்த படம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 3டி, இல்லையென்றால் 2டி போதும்.

2டி காட்சியும் மங்கலாக இருந்தால் திரையில் வரும் வெள்ளை எழுத்தைப் பாருங்கள். அது சாம்பல் நிறத்தில் தெரிந்தால், முந்தைய காட்சிக்குப் போட்ட 3டி ஃபில்டரைப் புரொஜெக்டர் முன்னாலிருந்து எடுக்காமல் விட்டிருக்கலாம், அல்லது விளக்கு பழசாகியிருக்கலாம். ஃபில்டரை எடுப்பது சில நிமிட வேலை. 3டிக்காக வெள்ளிப் பூச்சுத் திரை போட்ட அரங்கில் நடு வரிசை, நடு சீட் பிடியுங்கள். அந்தத் திரையில் ஓரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெளிச்சம் குறைந்து தெரியும்.

சத்தத்தில் இரண்டு வகைக் கோளாறு உண்டு. எல்லாமே மெதுவாகக் கேட்டால் ஆபரேட்டர் ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறார்: டால்பி ஒலிக் கருவியில் 7 என்பது நிர்ணயித்த அளவு, பல இடங்களில் 5க்கும் கீழே ஓட்டுகிறார்கள். வெடிச்சத்தம் காதைப் பிளக்க, வசனம் மட்டும் கேட்காவிட்டால் திரைக்குப் பின்னால் இருக்கிற நடு ஸ்பீக்கரைச் சந்தேகப்படுங்கள். வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும். வாசலில் நிற்பவரிடம் “அண்ணே, நடு ஸ்பீக்கர்ல வசனம் கேக்கல, ஆபரேட்டர்கிட்ட சொல்லுங்க” என்று சொல்லுங்கள். “சவுண்டு சரியில்ல” என்று மட்டும் சொன்னால் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவார், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளும். முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

இடைவேளைக்காகவும் படத்தைக் குறை சொல்ல வேண்டாம். ஹாலிவுட் படங்களை இடைவேளை இல்லாமல்தான் எடுக்கிறார்கள், இங்கே நடுவில் வெட்டுகிறார்கள்.

தமிழா, ஆங்கிலமா என்பதற்குத் தமிழ் டிரெய்லரைக் கேட்டு முடிவெடுங்கள். 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழில் வந்தபோது அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார்; முந்தைய படங்களின் குரலுக்குப் பழகிய பலருக்கு அது ஒட்டவில்லை. நடிப்பு அப்படியே இருந்தும் ஆள் மாறிப்போனது போலத் தோன்றியது. சின்னப் பிள்ளைகளோடு போனால் தமிழ்தான் சரி.

வெளிச்சமும் சத்தமும் மொழியும் சரியாக இருந்து, அப்போதும் மனசு நிறையவில்லை என்றால் கோளாறு படத்தில்தான். வில்லனுக்கு என்ன வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் கதை பலவீனம். கிராஃபிக்ஸ் பொம்மை மாதிரித் தெரிந்தால் திறமைக் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். கிராஃபிக்ஸ் கம்பெனி பேசிய தொகைக்குள் முடிக்க வேண்டிய வேலை அது. ரிலீஸ் நெருங்கும்போது காட்சியை மாற்றினால் பல ஷாட்டுகளை அவசரமாகத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். முகத்தில் விழும் வெளிச்சமும் பின்னணி வெளிச்சமும் அப்போதுதான் பொருந்தாமல் போகும்.

சந்தேகமான படத்தைச் சில வாரம் கழித்து ஓடிடியில் பாருங்கள். டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவை வழுவழுப்பாக்கும் வசதி) அணையுங்கள்; அது ஓடினால் கோடிக்கணக்கில் செலவழித்த காட்சியும் சீரியல் மாதிரி ஆகிவிடும். படத்துக்கு ‘சினிமா’ மோடு வையுங்கள். தனி ஸ்பீக்கர் இல்லாத டிவியில் வசனம் அமுங்கினால், ஒலியை 5.1இலிருந்து (பல ஸ்பீக்கர்களுக்கான ஒலி) ஸ்டீரியோவுக்கு (இரண்டு ஸ்பீக்கருக்கானது) மாற்றுங்கள்.