பழைய பிக்கப்பில் குதறிப்போட்ட வயரிங்: முதன்முறை கைவைப்பவர்களுக்கான செய்முறை

பழைய டாடா 207 அல்லது மஹிந்திரா பிக்கப் ஒன்றைச் சகாய விலைக்கு வாங்கி, ஓய்வு நேரத்தில் உயிர்ப்பிக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது இஞ்சினையும் துருவையும்தான். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தால்தான் காத்திருக்கும் வேலை தெரியும். பாட்டுப் பெட்டிக்கு ஒரு இழுப்பு, ஏர் ஹாரனுக்கு ஒரு இழுப்பு, பம்பரில் மாட்டிய எல்.இ.டி. பட்டைக்கு ஒரு இழுப்பு. வண்டி கைமாறிய ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஒரு வயரைச் சேர்த்திருப்பார். பழையதை யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள். ஹெட்லைட் மங்கலாக எரிந்தால் காரணம் தேடாமல் பேட்டரியிலிருந்து புதிதாக ஒரு வயரை இழுத்துவிடுவதுதான் அவசரக் கைகளின் வழக்கம்.

பார்க்கப் பயமாக இருந்தாலும், கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி கிடைக்காது. பழைய டீசல் இஞ்சினில் மெக்கானிக்கல் பம்ப்தான் எரிபொருளைத் தள்ளுகிறது, கணினி கிடையாது. ஓடத் தொடங்கிய பிறகு, சில வண்டிகளில் டீசலை நிறுத்த உதவும் சோலனாய்டை (மின்காந்தத்தால் இயங்கும் சிறு கருவி) தவிர, இஞ்சினுக்கு மின்சாரமே தேவையில்லை. மிச்சமிருப்பது செல்ஃப், சார்ஜிங், விளக்குகள், ஹாரன், வைப்பர், மீட்டர்கள். ஒவ்வொன்றும் தனித்தனி சர்க்யூட்.

அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிப் போடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு சர்க்யூட். அதைச் சரிசெய்து, வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். மொத்தமாக உருவிய வயர்கள் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாத குவியலாகிவிடும். பாதியில் கைவிடப்பட்டு ஷெட்டில் நிற்கும் வண்டிகளில் பலவும் இப்படி நின்றவைதான்.

வேண்டிய சாமான்கள்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். அத்துடன் ஒரு டெஸ்ட் லேம்ப்: 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் நீங்களே செய்துகொள்ளலாம். பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்று கேட்டால், ராட்செட் வைத்த நல்ல கிரிம்பிங் டூலில் (உலோக இணைப்பானை வயரின் மேல் அழுத்திப் பிடிக்கவைக்கும் கருவி) என்பேன். கட்டிங் பிளேயரால் நசுக்கிய திம்பிள் (வயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பு) மேலுக்குப் பிடித்தது போலத் தெரியும். மேடுபள்ளச் சாலையில் ஒரு மாதம் ஓடினால் கழன்றுவிடும். உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்), வண்டிகளுக்கென விற்கும் பல இழைச் செம்பு வயர், ரிலேக்கள் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்சுகள்), பிளேடு ஃபியூஸ் பெட்டி, உப்புத்தாள் ஆகியவையும் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள்.

வெட்டுவதற்கு முன் வரைதல்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் சர்க்யூட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சாவியைப் போட்டு ஒவ்வொரு சுவிட்சாக இயக்கி, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை, எது விசித்திரமாக நடந்துகொள்கிறது என்று எழுதுங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு வயரின் இரு முனைகளையும் தேடிப் பிடித்து, காகித டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை எங்குமே போகாமல் தொங்கினால் அது அநேகமாகக் கழற்றிய ஏதோ ஒரு சாமானின் மிச்சம். அதன் மறுமுனை பேட்டரியிலோ சாவி சுவிட்சிலோ உயிரோடு இருக்கலாம். தீப்பிடிக்கக் காத்திருப்பவை அவைதான். முதலில் நீக்க வேண்டியவையும் அவைதான்.

பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். வண்டியின் பாடி முழுவதும் மைனஸ்தான். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். மைனஸ் கழன்றிருந்தால் ஸ்பேனர் பாடியில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. இஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றி, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் ஆல்டர்நேட்டரின் டயோடுகளையும் ரெகுலேட்டரையும் தின்றுவிடும்.

முதல் வேலை எர்த்

பழைய வண்டியில் புரியாத மின் கோளாறு என்றால் எர்த்திலிருந்து, அதாவது மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதையிலிருந்து தொடங்குங்கள். இஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இஞ்சினிலிருந்து சேசிஸுக்குத் தடித்த எர்த் பட்டை ஒன்று இருந்தாக வேண்டும். அது அறுந்தோ துருவேறியோ இருந்தால், செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடப் போகும். செல்ஃப் அடித்த பிறகு அந்தக் கேபிள் சூடாக இருந்தால், அல்லது காரணமில்லாமல் இறுகிப்போனால், எர்த் பட்டையைப் பாருங்கள்.

பேட்டரி மைனஸிலிருந்து சேசிஸ், சேசிஸிலிருந்து இஞ்சின், சேசிஸிலிருந்து கேபின் என மூன்று இணைப்புகளையும் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்துப் பெயின்டையும் துருவையும் இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். இதை மட்டும் செய்தாலே பாதி நோய்கள் குணமாகும் வண்டிகள் உண்டு.

பீப் சத்தத்தை நம்பாமல் அளத்தல்

மல்டிமீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்துப் பீப் சத்தம் கேட்டதும் வயர் நல்லது என்று முடிவு கட்டுவது புதியவர்களின் வழக்கம். உள்ளே எல்லா இழைகளும் அறுந்து ஒரே இழை மிஞ்சிய வயரும் பீப் அடிக்கும். விளக்கை எரியவிட்டு, மின்சாரம் ஓடும்போது அளந்தால்தான் வயரின் உண்மையான நிலை தெரியும்.

செய்முறை இது. ஹெட்லைட்டை எரியவிடுங்கள். மீட்டரை 20 வோல்ட் டி.சி. நிலையில் வைத்து, ஒரு கம்பியைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மற்றதை ஹெட்லைட் பல்பின் எர்த் காலிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் கோளாறு. அடுத்து பேட்டரியின் பிளஸ் முனையிலும் பல்புக்கு மின்சாரம் வரும் காலிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் போனால் சுவிட்ச், ஃபியூஸ், ஜாயிண்ட் ஆகியவற்றில் எங்கோ வோல்டேஜ் வீணாகிறது. இரண்டாவது கம்பியைப் பேட்டரியை நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று இறங்குகிறதோ, அதுதான் குற்றவாளி.

இதை அற்பமாக நினைக்காதீர்கள். ஹாலஜன் பல்புக்குப் போகும் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். ஹெட்லைட் போதவில்லை என்று அதிக வாட் பல்பை மாட்டுபவர்கள், ஏற்கெனவே திணறும் வயரில் இன்னும் அதிகச் சுமையை ஏற்றுகிறார்கள்.

ஜாயிண்ட்: இங்கே நிதானம் வேண்டும்

முறுக்கிக் கருப்பு டேப் சுற்றிய ஜாயிண்ட் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். இஞ்சின் சூட்டில் டேப்பின் பசை உருகிக் கையில் ஒட்டும். உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும், சில இடங்களில் கறுத்திருக்கும். அந்தக் களிம்பு இழைகளின் ஊடே இன்சுலேஷனுக்குள்ளும் ஏறியிருக்கும். வெளியே தெரியும் துண்டை மட்டும் வெட்டிவிட்டுப் புதிதாக இணைத்தால் பயனில்லை. செம்பு புது நாணயத்தின் நிறத்தில் தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். நீளம் குறைந்தால் அதே தடிமனில் புதிய வயரைச் சேருங்கள்.

வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் எங்காவது தென்பட்டால் முழுவதையும் மாற்றிவிடுங்கள். அது சுவரில் அசையாமல் கிடக்கச் செய்தது; வண்டியின் அதிர்வில் களைத்து இன்சுலேஷனுக்குள்ளேயே ஒடிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

புதிய ஜாயிண்ட் போடும் முறை: ஸ்லீவை முதலில் வயரில் கோத்துவிடுங்கள். இன்சுலேஷனை ஓர் இழைகூட அறுபடாமல் உரியுங்கள். வயருக்குச் சரியான அளவு குழாய் இணைப்பானில் இரு முனைகளையும் செருகி கிரிம்ப் செய்யுங்கள். பிறகு நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்றால் இப்போதே கழன்றது நல்லது. அதன் மேல் ஸ்லீவை நகர்த்தி, இரு ஓரங்களிலும் பசை கசியும்வரை சூடேற்றுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். ஈயம் இழைகளுக்குள் ஊறி வயரை விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு அதை ஒடிக்கும். வண்டியில் நான் கிரிம்பைத்தான் விரும்புகிறேன். வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கண்டால் யோசிக்காமல் கழற்றிவிடுங்கள். அவை இழைகளை வெட்டித் தண்ணீருக்கு வழிவிடுகின்றன.

ஃபியூஸ் காப்பது வயரைத்தான்

ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செம்பு இழையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளோ சுற்றியிருந்தால், அது ஏன் எரிந்துகொண்டே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை என்று பொருள். ஃபியூஸை வயரின் தடிமனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் தீப்பிடிப்பது வயர்தான். 1 சதுர மி.மீ. வயருக்கு 10 ஆம்பியர், 1.5-க்கு 15, 2.5-க்கு 20 என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பானது. பிளேடு ஃபியூஸில் 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பேட்டரியிலிருந்து கிளம்பும் எந்த வயருக்கும் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மறுமுனையில் வைத்தால் நடுவில் வயர் தேய்ந்து பாடியில் பட்டாலும் ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது. செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் மட்டும் விதிவிலக்கு.

ஹெட்லைட்டுக்கு ரிலே

எச்4 பல்பு பிரைட்டில் 60 வாட். இரண்டு பல்புக்கு 120 வாட், அதாவது 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். இத்தனையும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போய்த் திரும்பினால் சுவிட்சின் உள்பாகம் கருகும். ரிலே வைத்தால் சுவிட்ச் சுமார் 0.2 ஆம்பியர் மட்டும் கடத்தினால் போதும்.

ரிலேயின் அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும். 30-ஐ 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் பேட்டரி பிளஸ்ஸுடன் இணையுங்கள். 87-லிருந்து இடது, வலது பல்புகளுக்கு 2.5 சதுர மி.மீ. வயர். 85 எர்த்துக்கு. பழைய ஹெட்லைட் வயரில் சுவிட்ச் போட்டதும் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு அதை 86-க்குக் கொடுங்கள். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். ஏர் ஹாரன், ஃபாக் லேம்ப் எல்லாவற்றுக்கும் இதே இணைப்பு முறைதான்.

பிரேக் மிதித்தால் வேறு விளக்கு எரிகிறதா?

பிக்கப்புகளில் அடிக்கடி காணும் வேடிக்கை இது. பிரேக் மிதித்தால் முன்பக்கப் பார்க்கிங் லைட் லேசாக எரியும். பேய் வேலை ஒன்றுமில்லை. பின்பக்க பல்பில் 21 வாட், 5 வாட் என இரண்டு இழைகள் உண்டு. இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அந்த எர்த் விட்டுப்போனால் பிரேக் இழை வழியாக வந்த மின்சாரம் பாடிக்குப் போக முடியாமல், பக்கத்திலிருக்கும் பார்க்கிங் இழை வழியாக அதன் வயரில் பின்னோக்கிப் போய், மற்ற பார்க்கிங் பல்புகளின் எர்த்தைத் தேடிப் பிடிக்கும். லோடு பாடி மரத்தாலானதாகவோ தடிமனாகப் பெயின்ட் அடித்ததாகவோ இருந்தால் போல்ட்டை நம்பாதீர்கள்; இரண்டு டெயில் லேம்புகளுக்கும் தனி எர்த் வயர் இழுத்துச் சேசிஸில் இறுக்குங்கள்.

வயர்களை நெளிகுழாய்க்குள் விட்டு, சைலன்சருக்கும் கூர்மையான தகட்டு விளிம்புக்கும் எட்டாமல் கட்டுங்கள். தகட்டில் துளை வழியாகப் போகுமிடத்தில் ரப்பர் கிராமட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம்.

கடைசிச் சோதனை

சாவியை எடுத்து, கதவை மூடி, எல்லாவற்றையும் அணைத்த பிறகு பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் கம்பியை மாற்றி, மைனஸ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் இடையில் வையுங்கள். பாட்டுப் பெட்டியின் நினைவகத்துக்குப் போகும் சிறு அளவைத் தவிர இந்த வண்டி எதையும் குடிக்கக் கூடாது. 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்; எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்த சர்க்யூட்டில்தான் கசிவு. எதைப் பிடுங்கியும் விழவில்லை என்றால், ஆல்டர்நேட்டர் போல ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் நேரே பேட்டரிக்குப் போகும் வயர்களைச் சந்தேகியுங்கள். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்கவோ ஹெட்லைட் போடவோ கூடாது, மீட்டர் போய்விடும்.

பிறகு மீட்டரை எடுத்துவிட்டு மைனஸை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் சார்ஜிங் நலம். எல்லா விளக்குகளையும் பதினைந்து நிமிடம் எரியவிட்டு, நீங்கள் போட்ட ஒவ்வொரு ஜாயிண்டையும் ஃபியூஸையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சூடேறியதைப் பிரித்து மறுபடியும் போடுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு பேட்டரி முனைகளையும் எர்த் போல்ட்டுகளையும் இன்னொரு முறை இறுக்குங்கள். எந்த ஃபியூஸ் எதற்கு என்ற பட்டியலை ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.