செடியில் எச்சில் போன்ற நுரையா? உள்ளே பாருங்கள்

சோளத்தட்டையிலோ புல்லின் கணுவிலோ யாரோ துப்பிவிட்டுப் போனதுபோல நுரை தெரிந்தால், அது பெரும்பாலும் நுரைப்பூச்சியின் வேலைதான். மெல்லிய குச்சியால் நுரையை மெதுவாக விலக்குங்கள். சில மில்லிமீட்டர் நீளமுள்ள, சிறகு முளைக்காத இளம்பூச்சி தண்டோடு ஒட்டியிருக்கும். அது செடியின் நீர்ச்சாற்றை உறிஞ்சி, மிஞ்சியதைக் கழிவாக வெளியேற்றி, அதில் காற்றைக் கலந்து நுரையாக்குகிறது. உடல் உலராமலும் எதிரிகள் அண்டாமலும் அந்த நுரை காக்கிறது. இதை மாவுப்பூச்சி என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்: மாவுப்பூச்சியின் வெண்மை உலர்ந்த மாவாக இருக்கும். இந்த நுரையோ ஈரக் குமிழி.

நுரைப்பூச்சி எந்தச் செடியில் வாழ்கிறது என்று குறித்துக்கொள்வதற்கு நுரையையே நம்புங்கள். வளர்ந்த பூச்சி தத்தித் தாவி எந்த இலையிலும் உட்காரும். இளம்பூச்சியோ சாறு உறிஞ்சும் செடியிலேயே இருக்கும். செடியின் இலை, பூ, நுரை இருந்த இடம் மூன்றையும் படமெடுத்து வையுங்கள். ஐரோப்பாவில் இந்தப் பதிவுகளுக்குத் தனி மதிப்பு உண்டு: இத்தாலியின் புலியா பகுதியில் 2013இல் கண்டறியப்பட்ட ஆலிவ் மர நோயின் பாக்டீரியாவைப் பரப்புவது ஒரு நுரைப்பூச்சிதான்.

வீட்டுத் தோட்டத்தில் ஓரிரண்டு நுரைக்காக மருந்து அடிக்காதீர்கள். தண்ணீரைப் பீய்ச்சினாலே போய்விடும்.