ஆய்வேட்டை பிடிஎஃப் ஆக்கும் முன்

பல்கலைக்கழக மின்னூலகங்கள் பல, ஆய்வேட்டை பிடிஎஃப்/ஏ வடிவில் கேட்கின்றன. 2005-இல் ஐஎஸ்ஓ 19005 என்ற எண்ணில் வந்த தரம் இது. கோப்பு பல ஆண்டுகள் கழித்தும் அப்படியே திறக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால் எழுத்துருக்கள் எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும், கடவுச்சொல் கூடாது. திருட்டுக்குப் பயந்து பூட்டி அனுப்பினால் திரும்பி வந்துவிடும்.

வேர்டில் 'பிரிண்ட்' வழியாக பிடிஎஃப் எடுக்காதீர்கள். பக்கவாட்டில் வரவேண்டிய அத்தியாயப் பட்டியல் (புக்மார்க்) காணாமல் போகும். 'சேவ் ஆஸ்' போய், பிடிஎஃப்பைத் தேர்ந்து, 'ஆப்ஷன்ஸ்' உள்ளே பிடிஎஃப்/ஏ, புக்மார்க் இரண்டையும் டிக் செய்யுங்கள். தலைப்புகளுக்கு 'ஹெடிங்' ஸ்டைல் கொடுத்திருந்தால்தான் புக்மார்க் வரும். வெறுமனே தடித்த எழுத்தாக்கினால் வராது.

அப்புறம், அக்ரோபாட் ரீடரில் கண்ட்ரோல்+டி அழுத்தி, 'ஃபாண்ட்ஸ்' பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' (கோப்புக்குள்ளேயே இருக்கிறது) என்று இருந்தால் சரி.

தமிழில் எழுதியவர்களுக்கு இன்னொரு சோதனை: பிடிஎஃப்பில் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால் அது பழைய எழுத்துரு. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றாமல் பதிவேற்றினால் தேடலில் உங்கள் ஆய்வு சிக்கவே சிக்காது.