ஐசியில் பிறை, அறை பிரிக்பீல்ட்ஸில்: இளம் வாக்காளர்கள் தவிர்க்க வேண்டியவை

2022 நவம்பர் 19, மலேசியப் பொதுத் தேர்தல் நாள். மத்தியானம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அக்கா மகனின் வாடகை அறைக்குப் போனேன். அவன் ஊர் பினாங்கிலுள்ள பிறை. விரலில் மை இல்லை. "எனக்குப் பிறையிலதான் ஓட்டுன்னு முந்தாநாள்தான் தெரியும் மாமா. பஸ்ஸுல டிக்கெட் கிடைக்கல."

அக்கறை கெட்ட பிள்ளை என்று வீட்டில் திட்டினார்கள். முதல் தவறு பெரியவர்களான நம்முடையதுதான். படிப்புக் கடன், அறை வாடகை, சாப்பாடு டெலிவரியில் ஓர் ஓட்டத்துக்கு என்ன கிடைக்கிறது என்று விடிய விடியப் பேசுகிறவன் அவன். அது அரசியல் இல்லையா?

ஆனால் முகவரி விஷயத்தில் இளைஞர்கள் நிறையவே சறுக்குகிறார்கள். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது. 2018இல் ஏறக்குறைய ஒன்றரைக் கோடியாக இருந்த பட்டியல் 2022இல் 2 கோடியே 11 லட்சமானது. பெயர் ஏறுவது ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ள முகவரிப்படி. பதிவுத் துறையில் ஐசி முகவரியை மாற்றினால் தொகுதியும் மாறிவிடும் என்று நம்பாதீர்கள். தேர்தல் ஆணையமான எஸ்பிஆரிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நாடாளுமன்றம் கலைந்தபின் ஓடினால் அந்தத் தேர்தலுக்கு உதவாது. உள்நாட்டில் அஞ்சல் வாக்கு போலீஸ், ராணுவம், தேர்தல் பணியாளர் போன்ற சிலருக்கு மட்டுமே.

மாற்றுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். கோலாலம்பூருக்குச் சட்டமன்றம் கிடையாது, நாடாளுமன்ற ஓட்டு ஒன்றுதான். பினாங்கில் இரண்டும் உண்டு. ஊரில்தான் மனசு என்றால் ஓட்டும் அங்கேயே இருக்கட்டும். தேதி அறிவித்த அன்றே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

வேட்பாளர் இளைஞர் என்பதாலேயே மாற்றம் வந்துவிடாது. 2007 நவம்பர் 25, மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக இண்ட்ராப் இயக்கம் நடத்திய பேரணியில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்துதான் கண்ணீர்ப்புகையைத் தாங்கினார்கள். நான்கு மாதத்துக்குள், 2008 மார்ச் 8இல், பினாங்கில் ஆட்சி மாறியது.

ஓட்டுப் போட்டதோடு கடமை முடிந்தது என்றும் இருக்காதீர்கள். ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, கவுன்சிலர்கள் நியமனம்தான். சாக்கடைக்கும் தெருவிளக்கிற்கும் நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 12 பினாங்கு சட்டமன்றத் தேர்தலுக்கு அக்கா மகன் முதல் நாள் இரவே பஸ் ஏறினான். ஓட்டுப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் அடைத்துக் கிடந்த சாக்கடையை நாலு பக்கமும் படம் எடுத்தான். திங்கட்கிழமை அதை நகராண்மைக்கு அனுப்பினான்.