இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்று: ஊராட்சியிலிருந்து மேல்நோக்கித் திட்டம் எழுதும் முறை

1918, 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளில் இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்றாக உலகைச் சுற்றி வந்தது. அடுத்தது எப்போது என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவே நெல்லை மாவட்டத்தில் திட்டம் எழுத உட்காரும் ஊராட்சிச் செயலரும் வட்டார அலுவலரும் மேலிருந்து சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திராமல், தம் ஊரிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில், முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பெருந்தொற்று என்று அறிவிப்பது உலக சுகாதார நிறுவனம். 2009-இல் அந்த அறிவிப்பு ஜூன் 11 அன்று வந்தது. விமான நிலைய, துறைமுகச் சோதனை ஒன்றிய அரசின் பொறுப்பு. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டப்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர் என்பதால், எல்லாத் துறைகளும் ஒன்றுகூடும் இடம் அவருடைய மேசைதான். பதவிப் பெயர் மட்டும் போதாது. அவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதையும் தொலைபேசி எண்ணோடு குறியுங்கள்.

அடுத்து, எந்தப் பொருள் எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை நேரத்தை வைத்துத் தீர்மானியுங்கள். இன்ஃப்ளூயன்சாவுக்கான ஓசல்டாமிவிர் மாத்திரை அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். காய்ச்சல்காரர் ஒரு நாள் கைவைத்தியம் பார்த்துவிட்டு மறுநாள் மாலை களக்காட்டிலோ மானூரிலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது, மாத்திரை மாவட்டக் கிடங்கில் இருந்து பயனில்லை. ஆக்சிஜனையும் இப்படியே கணக்கிட வேண்டும். ஏறத்தாழ 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஒரே நோயாளிக்குக் கொடுத்தால் 12 மணி நேரம்கூடத் தாங்காது. அதாவது ஒருவருக்கு ஓர் இரவுக்கு ஒன்று. இக்கணக்கைப் படுக்கைகளின் எண்ணிக்கையால் பெருக்கிய பிறகே கொள்முதல் பட்டியல் எழுதுங்கள்.

படுக்கைக் கணக்கு மாவட்ட எல்லையோடு நின்றுவிடக் கூடாது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தபோதும், அங்குள்ள நோயாளிகள் பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடுவது நிற்கவில்லை. இரு ஆட்சியர்களும் முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு செய்துகொள்வது நல்லது.

எச்சரிக்கை மணி எப்போது அடிக்க வேண்டும்? ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் இருமலோடு காய்ச்சல் என வந்தவர்களை வாரந்தோறும் எண்ணி, சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சல் கூடுவது இயல்பு என்பதால், சித்திரைக் கணக்கோடு ஒப்பிட்டால் வீண் பதற்றமே மிஞ்சும். மழைக்கால இயல்பையும் மீறி எண்ணிக்கை ஏறினால், அன்றே வட்டார மருத்துவ அலுவலருக்குச் செய்தி போக வேண்டும்.

பறவைக் காய்ச்சலும் இன்ஃப்ளூயன்சா வகையே என்பதால், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குத் திட்டத்தில் தனிப் பக்கம் தேவை. கூழைக்கடாவும் பூநாரையும் வந்திறங்கும் அக்குளத்தில் பறவைகள் கொத்தாக இறந்து கிடந்தால், வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்கும் வனத்துறைக்கும் சொல்ல வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். பறவைக் காய்ச்சலை உறுதிசெய்யும் தேசிய ஆய்வகம் போபாலில் இருப்பதால், முடிவு வரும்வரை உள்ளூரில் என்ன செய்வது என்பதையும் எழுதி வையுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது பீடி சுற்றும் பெண்களைப் பற்றி. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் தட்டை மடியில் வைத்துச் சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைத்தால்தான் கூலியும் மறுநாளைக்கு இலையும் தூளும் கிடைக்கும். கடையை அடைக்கச் சொல்லும் ஆணை அவர்களுடைய அடுப்பையும் அணைத்துவிடும். எனவே தெருவாரியாக நேரம் பிரித்து பீடியை வாங்கிக்கொள்ளவும், காய்ச்சல் வந்த வீட்டுக்கு ரேஷன் அரிசி வாசலுக்கே வரவும் ஏற்பாட்டை இப்போதே முடிவு செய்து, கடைக்காரர்களிடமும் பேசிவிடுங்கள்.

ஆண்டுதோறும் புரட்டாசியில், மழை தொடங்குமுன், திட்டத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் இரவு 9 மணிக்குமேல் அழைத்துப் பாருங்கள். எடுக்காத எண்ணுக்குப் பதிலாக வேறோர் எண்ணை மறுநாளே எழுதுங்கள்.